கூலியை வெட்டினால் ஆர்டர் வராது

ஒரு சட்டையோ கைபேசியோ இன்று ஒரே நாட்டில் உருவாவதில்லை. நூல் ஓரிடம், துணி ஓரிடம், பித்தான் வேறிடம், தையல் இன்னோரிடம் என்று வேலை பிரிந்து கிடக்கிறது. இந்த உலக உற்பத்தி வலைப்பின்னலில் எந்த நாட்டுக்கு இடம் கிடைக்கும், எந்த நாடு வெளியே நிற்கும் என்பதைக் கூலி ஒன்றே தீர்மானிக்கிறது என்று வாதிடும் நீண்ட கட்டுரை ஒன்று அண்மையில் ஒரு வணிக இதழில் வெளியானது. வங்கதேசம் திருப்பூரை முந்தியது கூலி மலிவால். வியட்நாமுக்கு சாம்சங் போனது அங்கே தொழிற்சங்கத் தொல்லை இல்லாததால். ஆகவே தமிழ்நாடு அரசு 2023இல் கைவிட்ட 12 மணி நேர வேலைச் சட்டத்தை மறுபடி கொண்டுவர வேண்டும், குறைந்தபட்சக் கூலியைச் சில ஆண்டுகளுக்கு உயர்த்தக் கூடாது, தொழிற்பேட்டைக்குள் சங்கம் நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் சாரம் இவ்வளவுதான்.

வேலை பல நாடுகளில் பிரிந்து கிடக்கிறது என்ற அந்தக் கட்டுரையின் முதல் வரியை ஏற்கிறேன். அதன் பிறகு வரும் எதையும் ஏற்க முடியவில்லை. எழுதியவர் துறை தெரியாதவர் என்றால் பொருட்படுத்தாமல் விட்டிருக்கலாம். தொழில் அமைப்புகளின் மேடையில் பேசுகிறவர், அதிகாரிகள் காது கொடுத்துக் கேட்கும் இடத்தில் இருப்பவர் இப்படி எழுதினால் நாளை அது அரசாணையாக வந்து விழும். அந்த ஆணையைச் சுமக்கப் போவது அவர் அல்ல. விடுதி அறையில் பாய்க்குப் பாய் ஒட்டிப் படுத்து, விடியும் முன் எழுந்து கம்பெனி பஸ் ஏறும் இருபது வயதுப் பெண்தான் சுமக்க வேண்டும்.

கூலிக் கணக்கிலிருந்தே தொடங்குவோம். 2009இல் விற்ற ஐபோனைப் பிரித்துப் போட்டு யூசிங் ஷிங், நீல் டெட்டர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஒரு கைபேசியின் மொத்த உற்பத்திச் செலவு 178.96 டாலர். அதில் சீனாவில் எல்லாவற்றையும் பொருத்தி முடிப்பதற்கு ஆன செலவு 6.50 டாலர். நூற்றுக்கு நான்குகூட இல்லை. மற்றதெல்லாம் ஜப்பான், தென்கொரியா, ஜெர்மனி, அமெரிக்கா என்று பல நாடுகளிலிருந்து வந்த பாகங்களின் விலை. பொருத்தும் கூலியைப் பாதியாக்கினாலும் அந்தக் கைபேசியின் செலவில் மூன்றேகால் டாலர்தான் குறையும். பாகங்கள் நிறைந்த ஒரு கன்டெய்னர் துறைமுகத்தில் சில நாள் முடங்கினால், லைன் நின்று, ஆட்கள் சும்மா உட்கார்ந்து, கடைசியில் விமானத்தில் சரக்கு அனுப்ப வேண்டி வந்தால், அந்த மிச்சம் எங்கே போகும்? இந்தக் கேள்விக்குக் கட்டுரையில் ஒரு பத்திகூட இல்லை. துறைமுகம் என்ற சொல்லே அதில் வரவில்லை. உலக உற்பத்தியைப் பற்றித் துறைமுகம் இல்லாமல் ஒரு கட்டுரை எழுத முடிகிறது என்றால் எழுதியவருடைய அக்கறை உற்பத்தியின் மேல் இல்லை, ஊதியச் சீட்டின் மேல்தான் இருக்கிறது.

வங்கதேசத்தைத்தான் அவர் பெரிதும் நம்பியிருக்கிறார். அதையே விரிவாகப் பார்க்கலாம்.

1974இல் பணக்கார நாடுகள் ஒரு ஏற்பாடு செய்தன. பல இழை ஒப்பந்தம் என்று பெயர். தென்கொரியா, ஹாங்காங், தைவான் போன்ற நாடுகள் இத்தனை சட்டைக்கு மேல் எங்களுக்கு அனுப்பக் கூடாது என்று கோட்டா போட்டார்கள். கொரியாவின் தேவூ நிறுவனத்திடம் மெஷின் இருந்தது, ஆள் இருந்தது, பையர் இருந்தார். அனுப்பக் கோட்டாவில் இடம்தான் இல்லை. அதனால் கோட்டா விதிக்கப்படாத ஒரு நாட்டைத் தேடினார்கள். 1979இல் நூருல் காதர் என்ற முன்னாள் அரசு அதிகாரி தொடங்கிய தேஷ் கார்மென்ட்ஸுடன் கை கோத்தார்கள். ஏறத்தாழ 130 பேரை பூசானுக்குக் கூட்டிப்போய் மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள். தையல் மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. கட்டிங், தரச் சோதனை, பையரோடு பேசுவது, ஏற்றுமதிக் காகிதம் நிரப்புவது வரை கற்றுக்கொடுத்தார்கள். திரும்பி வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் சில ஆண்டுகளில் தேஷை விட்டு வெளியேறித் தங்கள் சொந்தக் கம்பெனிகளைத் தொடங்கினார்கள், அல்லது மற்றவர்கள் தொடங்கியதை நடத்தினார்கள். வங்கதேச ஆடைத் தொழிலின் விதை இது. தேவூ வங்கதேசத்துக்கு வந்தபோது அதைவிடக் கூலி குறைந்த ஏழை நாடுகள் உலகில் இல்லாமல் இல்லை. கோட்டா இல்லாத எல்லையும் கற்றுக்கொள்ளத் தயாரான ஒரு கூட்டாளியும் வங்கதேசத்தில் ஒருசேரக் கிடைத்தார்கள் என்பதுதான் விஷயம்.

அடுத்தது வங்கிக் கடன் ஏற்பாடு. இதைத் தொழிலில் இருப்பவர்கள் பேக் டு பேக் எல்.சி. என்பார்கள். எண்பதுகளில் டாக்காவில் ஐம்பது மெஷின் போட்டுத் தைக்க உட்கார்ந்தவரிடம் துணி வாங்கப் பணம் கிடையாது. அமெரிக்க பையர் அனுப்பிய எல்.சி.யை, அதாவது பணம் தருவதற்கான வங்கி உறுதிக் கடிதத்தை, அவர் வங்கியில் கொடுத்தார். வங்கி அதையே ஆதாரமாக வைத்து, துணிக்காரர் பேரில் இன்னொரு எல்.சி. திறந்தது. கொரியாவிலிருந்தோ ஹாங்காங்கிலிருந்தோ துணி வந்து இறங்கியது. சுங்கவரி கட்ட வேண்டாம், ஏனென்றால் தொழிற்சாலையின் கிடங்கே பாண்டட் வேர்ஹவுஸ், அதாவது சுங்கத் துறையின் கணக்குக்குள் இருக்கும் கிடங்கு. தைத்த சட்டை கப்பலேறி, பையரின் பணம் வந்த பிறகு வங்கி முதலில் துணிக்காரரின் பாக்கியைத் தீர்த்தது. மீதி தையல் கம்பெனிக்கு. கையில் முதலில்லாத ஒருவர் உலகச் சந்தைக்குள் நுழைய இந்த இரண்டு ஏற்பாடும் வழி செய்தன. ஒரு அரசாங்கம் தன் வங்கி விதியையும் சுங்க விதியையும் திருத்தியதால் நடந்தது இது. எந்தத் தொழிலாளியின் உரிமையையும் பறித்து நடந்ததல்ல.

மூன்றாவது, வரி. 2001இல் ஐரோப்பிய ஒன்றியம் மிகப் பின்தங்கிய நாடுகளுக்கு ஆயுதம் தவிர எல்லாப் பொருளுக்கும் சுங்கவரியை நீக்கியது. வங்கதேசம் அந்தப் பட்டியலில் இருக்கிறது, இந்தியா இல்லை. ஐரோப்பாவில் ஆடைக்குப் பொதுவான வரி 12 சதவீதம் வரை. இந்தியாவுக்குச் சலுகை போகப் பல ஆண்டுகளாக 9.6 சதவீதமாக இருந்தது. வங்கதேசத்துக்குச் சுழி. மூன்று யூரோ மதிப்புள்ள ஒரு டிசர்ட்டுக்கு அந்த வித்தியாசம் சுமார் 29 சென்ட். ஒரு சாதாரண டிசர்ட்டைத் தைத்து முடிக்கத் திருப்பூர் டெய்லருக்குக் கிடைக்கும் பீஸ்ரேட்டைவிட அது அதிகம். இது போதாதென்று 2011 ஜனவரியிலிருந்து ஐரோப்பா இன்னொரு விதியையும் தளர்த்தியது. அதுவரை சலுகை வேண்டுமானால் துணியும் வங்கதேசத்திலேயே உருவாகியிருக்க வேண்டும். அதன் பிறகு சீனத் துணியையோ இந்தியத் துணியையோ வாங்கித் தைத்தாலே போதும், வரி கிடையாது. வங்கதேசத்தின் ஏற்றுமதி எகிறிய ஆண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு இந்த விதி மாற்றங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் புரியும். கட்டுரையாளர் இதில் ஒன்றைக்கூடக் குறிப்பிடவில்லை. தெரியாமல் விட்டிருக்க வழியில்லை. ஐரோப்பாவுக்கு ஒரு பெட்டி பனியன் அனுப்பியவருக்கும் இந்த 9.6 தெரியும்.

கூலி மலிவுதான் வங்கதேசத்தின் பலம் என்றால் கூலி ஏறும்போது ஏற்றுமதி இறங்கியிருக்க வேண்டும். 2013 ஏப்ரல் 24 அன்று சாவாரில் ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் மடிந்தார்கள். முந்தின நாளே தூணில் விரிசல் தெரிந்திருந்தது. வேலைக்கு வராவிட்டால் சம்பளம் கிடையாது என்று சொல்லி உள்ளே அனுப்பினார்கள். கட்டுரையாளர் கேட்கும் தளர்வு அதன் எல்லைவரை போனால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்த இடிபாடு சாட்சி. அதன் பிறகு குறைந்தபட்சக் கூலி வங்கதேச நாணயத்தில் மாதம் 3,000 டாகாவிலிருந்து 5,300 ஆனது, 2018 கடைசியில் 8,000, 2023 கடைசியில் 12,500. தீ, கட்டடப் பாதுகாப்புக்காக உலகச் சங்கங்களும் பிராண்டுகளும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டு ஆலை ஆலையாகச் சோதித்தார்கள். ஏற்றுமதி என்ன ஆனது? 2012–13 நிதியாண்டில் 21 பில்லியன் டாலரைத் தாண்டியிருந்தது, 2018–19இல் 34 பில்லியன். கூலி ஏறியது, சோதனை கூடியது, ஆர்டரும் கூடியது.

கூலியே எல்லாம் என்ற வாதத்தை நேராகச் சோதித்துப் பார்த்த நாடு ஒன்று உண்டு. எத்தியோப்பியா. 2016இல் ஹவாசாவில் பெரிய ஆடைத் தொழிற்பூங்காவைத் திறந்தார்கள். கால்வின் கிளைன், டாமி ஹில்ஃபிகர் பிராண்டுகளை வைத்திருக்கும் பிவிஎச் நிறுவனமே வந்து இறங்கியது. அடிப்படைச் சம்பளம் மாதம் 26 டாலர். ஆடை தைக்கும் நாடுகளிலேயே உலகில் மிகக் குறைவான சம்பளம் இதுதான் என்று நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் கல்லூரி 2019இல் எழுதியது. சட்டப்படி குறைந்தபட்சக் கூலி என்று தனியார் துறைக்கு ஒன்றுமே கிடையாது. கட்டுரையாளர் கேட்பது அனைத்தும் அங்கே இருந்தது. ஆனால் 26 டாலரில் ஹவாசாவில் வாடகை கொடுத்துச் சாப்பிட முடியவில்லை. கிராமத்திலிருந்து வந்த பெண்கள் மெஷினில் கை பழகும் முன்பே ஊர் திரும்பினார்கள். முதல் ஆண்டில் சேர்ந்தவர்கள் அளவுக்கே விட்டுப்போனவர்களும் இருந்தார்கள் என்கிறது அதே அறிக்கை. லைனில் எப்போதும் புது ஆள் இருந்தால் பீஸ் எண்ணிக்கை எப்படி ஏறும்? துணி ஆசியாவிலிருந்து ஜிபூட்டித் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து மேட்டு நிலத்துக்கு ஏற வேண்டும்; தைத்த சட்டை அதே வழியில் இறங்க வேண்டும். பிறகு எத்தியோப்பியாவின் வடக்கே டிக்ரேவில் போர் வந்தது. அதையொட்டி அமெரிக்கா தன் வரிச் சலுகையை 2022 ஜனவரி 1 முதல் நிறுத்தியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே பிவிஎச் தன் ஆலையை மூடப்போவதாக அறிவித்துவிட்டது. உலகத்திலேயே மலிவான கூலி அந்த ஆலையைக் காப்பாற்றவில்லை.

வியட்நாமை அவர் சங்கமில்லாத நாடாகக் காட்டுகிறார். அங்கே நடைமுறையில் ஆளும் கட்சியின் கட்டுப்பாட்டில் உள்ள ஒரே சங்கம்தான் இயங்குகிறது என்பது உண்மை, அது பெருமைப்படத்தக்க உண்மையும் அல்ல. அதனால் தொழிலாளர்கள் வாய் மூடி இருந்தார்கள் என்று நினைப்பது தவறு. சங்கத்தின் அனுமதி இல்லாமலே வேலையை நிறுத்தினார்கள். 2006 முதல் அலை அலையாகப் போராட்டம் நடந்தது. 2011இல் மட்டும் எண்ணூறுக்கும் மேற்பட்ட வேலைநிறுத்தங்கள். சாம்சங் ஹனோயை ஒட்டிய பாக் நின் மாகாணத்தில் கைபேசி ஆலையைத் தொடங்கியது 2009இல், அந்த அலையின் நடுவில். அதன் பிறகு தாய் குயென்னில் இன்னும் பெரிதாகக் கட்டியது. எது இழுத்தது? வரிச் சலுகை ஒன்று. சீனாவின் குவாங்டாங் பகுதியில் செய்த பாகங்கள் லாரியில் எல்லை தாண்டி வரும் தூரத்தில் ஹனோய் இருப்பது இன்னொன்று. 2001இல் அமெரிக்காவுடன் வணிக ஒப்பந்தம், 2007இல் உலக வர்த்தக அமைப்பு, 2020 ஆகஸ்டில் ஐரோப்பாவுடன் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் என்று ஒவ்வொரு வாசலாக அந்த நாடு திறந்துகொண்டே போனது. நாம் ஐரோப்பாவுடன் 2007இல் பேசத் தொடங்கி, 2013இல் நிறுத்தி, 2022இல் மறுபடி பேச உட்கார்ந்தோம். வியட்நாமின் முதல் மண்டலக் குறைந்தபட்சக் கூலி 2024 ஜூலையில் மாதம் 49.6 லட்சம் டாங் ஆனது, கிட்டத்தட்ட 195 டாலர். வங்கதேச ஆடைத் தொழிலாளியின் கூலியைவிட வெகு அதிகம். அப்படியும் ஆடை ஏற்றுமதியில் வங்கதேசத்தோடு தோளுக்குத் தோள் நிற்கிறது வியட்நாம். கட்டுரையாளரின் ஒரு உதாரணத்தை அவருடைய மற்றொரு உதாரணமே கவிழ்த்துவிடுகிறது.

மலிவான கூலி, ஆங்கிலம் படித்த ஆட்கள், விமான நிலையத்தை ஒட்டிய வர்த்தக வலயம், வரி விடுமுறை எல்லாம் இருந்தும் வாசலில் வந்தது திரும்பிப் போன கதை ஒன்று தமிழருக்கு மிக அருகில் இருக்கிறது. இலங்கையில் 1977இல் ஜே.ஆர். ஜெயவர்த்தனா ஆட்சிக்கு வந்ததும் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். 1978இல் கட்டுநாயக்க வலயம். எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மோட்டோரோலாவும் ஹாரிஸும் அங்கே குறைகடத்திகளைப் பொருத்தும் ஆலைகள் அமைக்க முன்வந்தன. தென்கிழக்காசியாவில் பினாங்குக்கு 1972இல் இன்டெல் வந்ததைப் போன்ற தருணம் அது. பிறகு 1983 ஜூலை. கொழும்புத் தெருவில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளையும் கடைகளையும் ஆலைகளையும் தேடிக் கொளுத்தினார்கள். இரண்டு நிறுவனங்களும் திட்டத்தைக் கைவிட்டன. இலங்கையின் பொருளியலாளர் பிரேமச்சந்திர அத்துகோரள இதைத் தம் ஆய்வுகளில் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியிருக்கிறார். பினாங்கில் கூலி பல மடங்கு ஏறிய பிறகும் இன்டெல் போகவில்லை. பொருத்தும் வேலையிலிருந்து சோதனைக்கும் வடிவமைப்புக்கும் வேலை உயர்ந்தது. இலங்கை மின்னணுத் தொழிலில் அந்த இடத்தைப் பிறகு எட்டவே இல்லை. தன் குடிமக்களையே பாதுகாக்காத அரசை நம்பி யாரும் கோடிக்கணக்கில் மெஷின் இறக்க மாட்டார்கள். இழப்பு அந்த ஒரு ஜூலையோடு முடியவில்லை. மனித உரிமை ஒப்பந்தங்களை நிறைவேற்றவில்லை என்று 2010 ஆகஸ்டில் ஐரோப்பா இலங்கைக்கு ஜிஎஸ்பி பிளஸ் என்ற வரிச் சலுகையை நிறுத்தியது. 2017 மேயில்தான் திருப்பிக் கொடுத்தது. அந்தச் சலுகைக்குத் தகுதி பெற நிறைவேற்ற வேண்டிய 27 உடன்படிக்கைகளில் தொழிற்சங்க உரிமைக்கான உலகத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கைகளும் அடக்கம். உரிமையைக் குறைத்தால் சந்தை திறக்கும் என்கிறவர் இந்தப் பட்டியலை ஒருமுறை படிக்க வேண்டும்.

நம் ஊருக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் எட்டாயிரம் பேர்வரை வேலை பார்த்தார்கள்; பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்கள். கூலி நோக்கியாவின் உலக ஆலைகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. 2013 தொடக்கத்தில் வருமான வரித் துறை சோதனைக்கு வந்தது. பின்லாந்துத் தலைமை நிறுவனத்துக்குச் செலுத்திய மென்பொருள் கட்டணத்துக்கு வரி பிடிக்கவில்லை என்று இரண்டாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. சொத்துகள் முடக்கப்பட்டன. தமிழ்நாட்டு வணிக வரித் துறையும் 2,400 கோடி கேட்டு நின்றது. வழக்கு தீராததால் 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது சென்னை ஆலையை மட்டும் விட்டுவிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. சாதாரணக் கைபேசிக்கான சந்தை சரிந்துகொண்டிருந்ததும் ஒரு காரணம், மறைக்கவில்லை. அந்த ஆலை மூடப்பட்டதற்கு லைனில் நின்ற பெண்களின் சம்பளம் எந்த வகையிலும் காரணம் இல்லை. வரித் துறையும் நிறுவனமும் மோதின. தெருவுக்கு வந்தது இருபத்திரண்டு வயதில் ஓட்டு வீட்டுக்குத் தளம் போடக் கடன் வாங்கியிருந்தவர்கள். கட்டுரையாளர் நோக்கியாவைப் பற்றி ஒரு வரி எழுதுகிறார், அதிலும் பழியைச் சங்கத்தின் தலையில் போடுகிறார். இதைப் பிழை என்று சொல்லி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கும்போதே நடந்ததை மாற்றிச் சொல்வது இது.

12 மணி நேரச் சட்டத்துக்கு வருகிறேன். 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்று நாளில் நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். இதனால் முதலீட்டாளர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள், தமிழ்நாடு வாய்ப்பை இழந்தது என்பது கட்டுரையாளரின் தீர்ப்பு. தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 2022–23இல் 5.37 பில்லியன் டாலர். சட்டத்தைக் கைவிட்ட 2023–24இல் 9.56 பில்லியன். 2024–25இல் 14.65 பில்லியன். அவர் இழந்ததாகச் சொல்லும் வாய்ப்பு இரண்டே ஆண்டில் கிட்டத்தட்ட மூன்று மடங்காகியிருக்கிறது. சட்டம் போனதால் ஏறியது என்று நான் சொல்லவில்லை. சீனாவின் மேல் அமெரிக்கா போட்ட வரி, 2022 நவம்பரில் சீனாவின் செங்சோ ஐபோன் ஆலையில் நடந்த கலவரம், 2020இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த உற்பத்தி ஊக்கத்தொகை, சென்னையைச் சுற்றி ஏற்கெனவே உட்கார்ந்திருந்த பாக ஆலைகள் என்று காரணங்கள் பல. அந்தப் பட்டியலில் 12 மணி நேர ஷிப்ட் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

தொழிலாளியை மோசமாக நடத்துவதுதான் உற்பத்தியை நிறுத்தும். 2021 டிசம்பரில் சென்னை அருகே ஐபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர் விடுதியில் கெட்ட சாப்பாட்டால் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மற்ற பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது; ஆப்பிள் அதைக் கண்காணிப்பில் வைத்தது. பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்க முடியாததால் ஐபோன் நின்றது என்று ஒரு நாளும் கேள்விப்பட்டதில்லை. சோறு சரியில்லாததால் நின்றதை நாடே பார்த்தது. 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் சங்கத்தை அங்கீகரிக்கக் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம். சாம்சங் ஊரைக் காலி செய்துவிடும் என்று அப்போது பலர் எழுதினார்கள். அடுத்த ஆண்டு சங்கம் பதிவானது. அதே ஆண்டில் அதே ஆலையில் சாம்சங் மேலும் ஆயிரம் கோடி ரூபாய் முதலீடு செய்வதாக மாநிலத் தொழில் அமைச்சர் அறிவித்தார்.

திண்டுக்கல்லைப் பற்றி அவர் எழுதாமல் விட்டதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 2021 ஜனவரியில் அந்த மாவட்டத்து ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டாள். அவளுடைய மேற்பார்வையாளர் மேல் வழக்கு. பாலியல் தொல்லையைப் பற்றி நம்பிச் சொல்ல அந்த ஆலையில் அவளுக்கு ஓர் இடம் இல்லை. சங்கத்தின் குரலுக்கு இடமில்லாத ஆலை என்று கட்டுரையாளர் விரும்பும் இடம் அதுதான். பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடியது. 2022 ஏப்ரலில் அந்த ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் நிறுவனமும் எச் அண்ட் எம் பிராண்டும் சங்கத்தோடு திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இதற்கிடையில் கட்டாய உழைப்புப் புகாரின் பேரில் அமெரிக்கச் சுங்கத் துறை அந்த ஆலையின் துணிகளை 2022 ஜூலையில் துறைமுகத்திலேயே தடுத்தது. செப்டம்பரில் தடை நீங்கியது. சங்கத்தோடு போட்ட ஒப்பந்தம் நடைமுறையில் இருப்பதைக் காட்ட முடிந்ததால் நீங்கியது. தொழிலாளியின் உரிமை மூடப்பட்ட சந்தையைத் திறந்து கொடுத்த இந்த நிகழ்ச்சி இங்கேயே, நம் கண் முன் நடந்தது.

தையலில் கூலிக்கு ஒரு பங்கு உண்டு, அதை மறுக்கவில்லை. கைபேசியில் நான்கு சதவீதம்கூட இல்லாதது ஆடையில் அதைவிடப் பல மடங்கு. ஆனால் கூலியைக் குறைத்தால் அந்த மிச்சம் யாருடைய கைக்குப் போகிறது என்று திருப்பூரில் எந்த மெர்ச்சண்டைசரைக் கேட்டாலும் சொல்வார். பெரிய பையர்கள் இன்று ஓப்பன் காஸ்டிங் கேட்கிறார்கள். துணி கிலோ என்ன விலை, டையிங்குக்கு எவ்வளவு, பித்தான், லேபிள், பாலிபேக் எவ்வளவு, இந்தச் சட்டையைத் தைக்க எத்தனை நிமிடம், ஒரு நிமிடத்துக்கு உங்கள் ஆலையில் என்ன செலவு என்று வரிவரியாக நிரப்பிக் கொடுக்க வேண்டும். நிமிடக் கூலி குறைந்தால் அடுத்த சீசனில் பையர் அதே ஷீட்டை எடுத்து வைத்து விலையைக் குறைக்கச் சொல்வார். டெய்லருடைய வீட்டில் குறைந்த பணம் திருப்பூர் முதலாளியின் பெட்டியில்கூடத் தங்காது. ஸ்டாக்ஹோமிலோ நியூயார்க்கிலோ போய்ச் சேரும். கட்டுரையாளர் முதலாளிகளுக்காகப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய யோசனையால் பயனடையப் போவது அவர்களும் அல்ல.

திருப்பூரைக் கட்டிப்போட்டவை வேறு. 2011 ஜனவரியில் நொய்யல் மாசுபட்டதற்காகச் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நாளில் நின்றன. நதியை நாசமாக்கிய தொழிலும் அதைக் கண்டுகொள்ளாத அரசும் சேர்ந்து வரவழைத்த தண்டனை அது. உலகச் சந்தை செயற்கை இழை ஆடைக்குப் பெரிதும் நகர்ந்துவிட்ட பிறகும் நாம் பருத்தியையே பிடித்துக்கொண்டிருந்தோம். தூத்துக்குடியில் ஏற்றிய சரக்கில் பெரும்பகுதி கொழும்புக்குச் சிறு கப்பலில் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாற வேண்டியிருக்கிறது. இதில் எதையும் ஒரு டெய்லர் கூடுதலாக நாலு மணி நேரம் தைத்துச் சரிசெய்ய முடியாது.

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்களின் மேல் அமெரிக்கா 50 சதவீத வரியை நடைமுறைப்படுத்தியது. திருப்பூரின் நிட்வேர் ஏற்றுமதியில் பெரும் பங்கு அமெரிக்காவுக்கு. அதற்கு முந்தின வாரம் ஒரு டெய்லர் ஷிப்டுக்கு என்ன வாங்கினாரோ அதையேதான் அடுத்த வாரமும் வாங்கினார், வேலை கிடைத்தவரை. ஆர்டர்களை நிறுத்தி வைக்கச் சொல்லி பையர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தைத்து முடித்த பீஸ்கள் பெட்டியோடு கிடந்தன. ஜாப் ஒர்க் யூனிட்டுகள் முதலில் ஒன்றரை ஷிப்டை ஒரு ஷிப்டாக்கின, பிறகு வாரத்தில் சில நாள் மட்டும் என்று ஆக்கின. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் ரயிலுக்குப் போனார்கள். கட்டுரையாளர் தம் வாதத்தை இன்னும் நம்பினால் ஒரே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டட்டும்: அந்த 50 சதவீதத்தை ஈடுகட்டத் திருப்பூர் டெய்லரின் கூலியை எவ்வளவு குறைத்திருக்க வேண்டும்? ஏற்றுமதி விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால்தான் அந்த வரி ஈடாகியிருக்கும். தையல் கூலி முழுவதையும் சுழியாக்கி, நாள் முழுக்க இலவசமாகத் தைக்கச் சொல்லியிருந்தாலும் அந்தத் தொகை வந்திருக்காது. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு அவர் டெல்லிக்கு எழுதட்டும், வர்த்தக அமைச்சகத்துக்கும் துறைமுக அமைச்சகத்துக்கும் எழுதட்டும். கூலி ஷீட்டைக் கீழே வைக்கட்டும்.